பெரட்டுக்கு வராதவர்களை யார் எண்ணுவது?

மாணவர்களே, படிவம் ஒன்றில் உங்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்து, படிவம் நான்குக்குள் காணாமல் போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். பெயர் உடனே ஞாபகத்துக்கு வரும். புக்கிட் செந்தோசா போன்ற இடத்தில் ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பெயர்கள் வரக்கூடும். இப்போது அவர் எங்கே என்று கேட்டால், "கார் கழுவுற கடையில வேலை", "லோரியில போறான்" என்று பதில் வரும். சில நேரம் குரலைத் தாழ்த்தி இன்னொரு வாக்கியமும் வரும்: "இப்பெல்லாம் ரொம்பக் குடிக்கிறான்."

அந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கேதான் அறிவியல் கேள்விகள் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது. சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதின்ம வயதினரின் உடல்நலம், மனநலம், புகை, மது பற்றி நாடு தழுவிய ஆய்வு நடத்துகிறது. 2022ஆம் ஆண்டு ஆய்வில் 239 பள்ளிகளைச் சேர்ந்த 33,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனச்சோர்வோடு இருப்பதும், பத்தில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருப்பதும் அதில்தான் வெளிப்பட்டன. பெரிய ஆய்வு, நல்ல ஆய்வு. ஆனால் அது பள்ளிகளில் நடந்த ஆய்வு. வகுப்பறையில் உட்கார்ந்து வினாத்தாளை நிரப்பியவர்கள்தான் அதில் இருக்கிறார்கள். நீங்கள் நினைத்துக்கொண்ட அந்தப் பழைய நண்பர் அதில் இல்லை.

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்திருந்தால் பெரட்டு என்றால் என்னவென்று சொல்வார்கள். விடியுமுன் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி பேர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார். அந்தப் பெரட்டுக்கு வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, "இந்தத் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை" என்று கிராணி எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? காய்ச்சல்காரர்கள் லயத்து வீட்டில் படுத்திருப்பார்கள். கணிதப் பாடத்தில் மாதிரி எடுத்தல் என்று படிக்கிறீர்களே, அதில் நேரும் பிழை இதுதான். யார் வரவில்லையோ அவர்களே அதிகம் நோயுற்றவர்களாக இருக்கும்போது, வந்தவர்களின் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். பள்ளிக்குள் இருப்பவர்களிலேயே நால்வரில் ஒருவர் சோர்ந்திருக்கிறார் என்றால், வெளியே இருப்பவர்களிடம் இதே கேள்வியைக் கேட்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: அவர் ஏன் குடிக்கிறார்? "கெட்ட சகவாசம்" என்பது நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில். அது முழுப் பொய் அல்ல. ஆனால் அதே சகவாசத்தில் இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை ஒரு டின்னோடு நிறுத்திக்கொள்பவரும் உண்டே! ஒருவர் நிறுத்துகிறார், இன்னொருவரால் முடியவில்லை. ஏன்?

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1990களின் நடுவில் இரண்டு மருத்துவர்கள் இதை வேறு வழியில் அணுகினார்கள். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்பவர்கள் அவர்கள். மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 17,000க்கும் அதிகமான பெரியவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். வீட்டில் அடி விழுந்ததா? அம்மாவை யாராவது அடித்தார்களா? வீட்டில் குடிகாரர் இருந்தாரா? யாராவது சிறைக்குப் போனார்களா? இப்படி ஒவ்வொரு வகைத் துன்பத்துக்கும் ஒரு மதிப்பெண். முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. நான்கு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களுக்கு மதுவுக்கு அடிமையாதல், போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், சுழியம் பெற்றவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

இந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் தலையெழுத்து எழுதிவிடக் கூடாது. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண், தனி ஒருவரைப் பற்றியது அல்ல. அதிக மதிப்பெண் பெற்றும் நன்றாக வாழ்பவர்கள் ஏராளம். அந்த ஆய்வில் இருந்தவர்களோ மருத்துவக் காப்புறுதி வைத்திருந்த, பெரும்பாலும் நடுத்தர வர்க்க அமெரிக்கர்கள். நம் ஊர்ப் பிள்ளையின் சில காயங்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அப்படி ஒரு காயம்தான் வீடு இழப்பது. உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என ஐந்து தோட்டங்கள் இருந்தன. தோட்டம் கைமாறியது, வேலை போனது. அங்கிருந்த 245 குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு வீடு வேண்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடின. கோல சிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர் வரை எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் லயத்தை விட்டு, 1990களில் எழுந்த புக்கிட் செந்தோசா போன்ற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. லயத்தில் தண்ணீரும் விறகும் சிரமம்தான். ஆனால் அம்மா வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது, கோயில் இருந்தது, தப்பு செய்தால் கண்டிக்கப் பக்கத்து வீட்டு மாமா இருந்தார். வரிசை வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலை, பிள்ளை தனியாக. தோட்ட வாழ்க்கையைப் பொன்னாக்கிப் பேசும் ஆசை எனக்கில்லை. அடியும் குடியும் அங்கேயும் இருந்தன. பிள்ளையைச் சுற்றி நின்ற ஆட்களின் எண்ணிக்கை குறைந்துபோனது என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, மனக்காயம் எப்படி மதுவரை கொண்டுபோய் விடுகிறது? நம் மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டதும் மணியடிப்பது அதன் வேலை. மணி அடித்தால் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற சுரப்புகள் ஓடும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் விலகும். பாம்பைக் கண்டால் இது உயிரைக் காக்கும். ஆனால் ஒவ்வோர் இரவும் வீட்டுக் கதவு உதைபடும் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்த மணி எளிதில் ஓய்வதில்லை. மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டாலே அடிக்கும். அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கும். கவனம் சிதறும். ஆசிரியர் தோளைத் தொட்டால் கையை ஓங்கும். நாம் அதற்கு 'திமிர்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

இந்த நிலையில் பதினைந்து வயதில் முதல் குவளை கைக்கு வருகிறது. மதுவில் இருக்கும் எத்தனால் மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது, குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளின் வேலையைக் குறைக்கிறது. பல ஆண்டுகளாக ஓயாமல் அடித்த மணி அரை மணி நேரத்தில் நின்றுபோகிறது. உங்களுக்கும் எனக்கும் மது தருவது கொஞ்சம் தலைக்கிறுக்கம். அந்தப் பிள்ளைக்குத் தருவதோ வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிம்மதியான இரவு. அதை மறப்பது எளிதல்ல. எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் இதைச் சுய மருத்துவம் என்று விளக்கினார். போதையை நாடுபவர்களில் பலர் இன்பத்தைத் தேடிப் போவதில்லை, தாங்க முடியாத ஒன்றிலிருந்து விடுதலை தேடிப் போகிறார்கள் என்றார்.

மருந்து தவறான மருந்து என்பதுதான் சிக்கல். மூளை எப்போதும் சமநிலையைத் தேடும். தினமும் வெளியிலிருந்து அமைதி ஊற்றப்பட்டால், தன் சொந்த அமைதியைக் குறைத்து, தூண்டுதலைக் கூட்டிக்கொள்ளும். சில மாதங்களில், குடிக்காத வேளையில் கை நடுங்கும், படபடப்பு முன்னைவிட அதிகமாகும். தூக்கமும் அப்படியே. மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் கனவு காணும் உறக்கப் பகுதியை வெட்டிவிடும். நாளின் கசப்பான நினைவுகளை மூளை பதப்படுத்துவது பெரிதும் அந்தப் பகுதியில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போதை இறங்கும் பின்னிரவில் கனவுகள் வட்டியோடு திரும்பி வரும். பயத்துக்காகக் குடித்தவர் பயத்தை வளர்த்துக்கொள்கிறார்.

வயதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. "எனக்கு ஏறவே இல்ல, நான் ஸ்டெடி" என்று உங்கள் வயதுக்காரர்கள் பெருமையடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் ஆபத்தே. எலிகளில் செய்த சோதனைகளில், வளர்ந்த எலி மயங்கிச் சாயும் அளவு மதுவிலும் இளம் எலி நடமாடிக்கொண்டிருந்தது. ஆனால் கற்றதை நினைவில் வைப்பதில் இளம் எலிக்கே பாதிப்பு அதிகம். "போதும், நிறுத்து" என்று உடல் கொடுக்க வேண்டிய சமிக்ஞை பிந்தி வருகிறது, உள்ளே சேதம் முந்திக்கொள்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், முடிவெடுக்கும் மூளைப் பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. 2017 டிசம்பர் 1 முதல் நம் நாட்டில் மது வாங்கும் சட்ட வயது 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. என்னைக் கேட்டால் அது நல்ல சட்டம். ஆனால் கடையின் முன்பக்கத்தை மட்டும்தான் சட்டம் பார்க்கிறது. மலிவுச் சரக்கு பின்வாசல் வழியாக வருகிறது.

அந்தப் பின்வாசல் என்ன செய்யும் என்பதை 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பார்த்தது. மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துச் சில நாட்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளூர்க்காரர்களும் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாட்டுத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். மெத்தனால் பார்வைக்கும் வாசனைக்கும் ஏறக்குறைய எத்தனால் போலத்தான் இருக்கும். கல்லீரல் அதைப் ஃபோர்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் விஷம் தெரியும். கட்டெறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். அது கண் நரம்பைத் தாக்கும், இரத்தத்தை அமிலமாக்கும். பாதிப்பு தெரிய அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ, எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது 'ஹேங்ஓவர்' அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடித்துவிட்டு எழுப்பினால் எழாதவரை, மூச்சு மெதுவாகிச் சில்லிட்டுக் கிடப்பவரை, 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தாலும் மூச்சு அடைக்காது. பக்கத்திலேயே இருங்கள். 999ஐ அழையுங்கள். கோப்பியும் குளிர்ந்த தண்ணீரும் ஒன்றும் செய்யாது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், சுமார் பத்து கிராம் எத்தனாலுக்கு ஒரு மணி நேரம். போலீஸ் வரும், வீட்டில் அடி விழும் என்ற பயத்தில் அழைக்காமல் விடுவதுதான் பல உயிர்களைக் கொண்டுபோகிறது.

நம் சமூகத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. தென்னையிலிருந்து இறக்கிய பாளைச் சாறு, காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்டால் சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகும். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் பெயருக்கு ஒரு கொட்டகை, கள்ளுக்கடையோ ஒழுங்காகத் திறந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற விதியை நீக்குவது. இவற்றோடு சேர்த்து, கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் குடி என்பது தனிமனிதக் குறை மட்டுமல்ல, கூலியோடும் அவமானத்தோடும் பள்ளியோடும் சேர்ந்த ஒன்று என்று ஒரே பட்டியலில் எழுதிவிட்டார்கள். சான் டியாகோ மருத்துவர்கள் கண்டுபிடித்ததற்கு அரை நூற்றாண்டுக்கு முன்!

போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் பீடோங் பக்கம் கள்ளுக்கடை மறியலில் போலீசாரோடு மோதல் நடந்தது. அந்தப் படையின் துணிவு பெரிது. ஆனால் குடித்தவரைப் பிடித்துத் தண்டித்து அவமானப்படுத்தும் பழக்கமும் அதில் இருந்தது. அந்த ஒன்றை நாம் பின்பற்றத் தேவையில்லை. அவமானமே ஒரு காயம், அதற்கும் மருந்து தேடுவார்கள்.

பள்ளி மண்டபத்தில் உங்களுக்கு நடக்கும் போதை ஒழிப்புச் சொற்பொழிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழுகிய கல்லீரல் படம், விபத்துப் படம், கடைசியில் உறுதிமொழி. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் தொடங்கிய டேர் என்ற பள்ளித் திட்டம் அமெரிக்கா முழுவதும் பரவியது. பின்னால் ஆராய்ந்து பார்த்தபோது, அதில் பங்கேற்ற மாணவர்களுக்கும் பங்கேற்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம்மிடம் இன்னொரு குறையும் சேர்கிறது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் அந்த மண்டபத்தில் இல்லை. அவரிடம் பேசப் போவது பெரும்பாலும் போலீஸ்தான், அதுவும் ஏதாவது நடந்த பிறகு.

அப்படியானால் எது உதவும்? ஹவாயின் காவாய் தீவில் எமி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு, 1955இல் பிறந்த 698 குழந்தைகளையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அது கரும்புத் தோட்டத் தீவு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்த கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குழந்தைகளில் பலர். அதாவது நம் கதைக்குப் பக்கத்துக் கதை. வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், சண்டை எனப் பல ஆபத்துகளோடு பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அன்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். இவர்களிடம் மீண்டும் மீண்டும் தென்பட்ட ஒன்று: பெற்றோரால் முடியாதபோதும் யாரோ ஒருவர் விடாமல் உடனிருந்தார். பாட்டி, அக்கா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டார்கள். ஒரு வேலை, ஒரு படிப்பு, ஒரு நல்ல துணை என்று இரண்டாவது வாய்ப்பு வந்தபோது பிடித்துக்கொண்டார்கள்.

அதனால்தான் சுகாதார அமைச்சிடம் நான் கேட்பது: அடுத்த பதின்ம வயதினர் ஆய்வு பள்ளி வாசலோடு நிற்காமல் கார் கழுவும் கடைக்கும், லோரி நிற்கும் இடத்துக்கும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெண் பிள்ளையிடமும் போக வேண்டும். அந்தப் பெண் பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்னும் குறைவு. வேலை முடிந்து வரும் பதினேழு வயதுக்காரர் ஆலோசகரைப் பார்க்கும்படி அரசு கிளினிக்கில் மாலை நேரமும் வேண்டும். பகலில் லீவு போட்டால் அவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும்.

நீங்கள் மருத்துவர் அல்ல. அவரைத் திருத்துவது உங்கள் பொறுப்பும் அல்ல. அவரோடு உட்கார்ந்து குடித்துத்தான் நட்பைக் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அவருடைய எண் இன்னும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. போலீசிடமோ ஆலோசகரிடமோ இல்லாத ஒன்று அது. "ஏன்டா இப்படி ஆயிட்ட?" என்று கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். "சாப்பிட்டியாடா? வா, ஒரு தே தாரிக் குடிப்போம்" என்று கூப்பிட்டால் வரக்கூடும். முதல் நாள் பந்து, வேலை, மோட்டார் என்றுதான் பேச்சு ஓடும். ஓடட்டும். என்றாவது ஒரு நாள் அவரே வீட்டுக் கதையைத் தொடங்கினால், குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். எஸ்பிஎம் தேர்வைத் தனியாகப் பதிந்தும் எழுதலாம் என்பதும், எஸ்பிஎம் இல்லாதவர்களையும் சேர்க்கும் தொழிற்பயிற்சிகள் கியாட்மாராவில் இருப்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னால், அதை யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாலும், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். தற்கொலை முயற்சி நம் நாட்டில் 2023 முதல் குற்றம் அல்ல, உதவி கேட்டால் சிறை என்ற பயம் வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. இந்த மூன்று எண்களையும் இன்றே உங்கள் கைப்பேசியில் அவருடைய எண்ணுக்குக் கீழே சேமித்துவையுங்கள்.